கயிற்றுக்காரனுக்கு ஒரு மெடல்

புருஷன் பேரை வாயால் சொல்லக் கூடாது என்பார்கள். எனக்கு அந்தச் சங்கோஜமெல்லாம் கிடையாது. திம்மப்பன். என் தாய்மாமன், என்னைக் கட்டிக்கொண்டவர், ராமப்பன் நாடகக் கம்பெனியில் கயிறு பிடித்தவர். நான் சென்னம்மா, அந்தக் கயிற்றின் இன்னொரு முனையில் தொங்கியவள்.

எங்கள் நாடகத்தின் முடிவில் ஒரு தேவலோகப் பெண் பூமியை விட்டு மேகத்துக்குப் பறந்து போவாள். அந்த ஒரு காட்சிக்காகவே ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். பாட்டும் வசனமும் சரோஜம்மாளுடையது. ஆனால் பறக்க மட்டும் அவள் வரமாட்டாள். உடம்பு கனம், மனசில் பயம் வேறு. சாம்பிராணிப் புகையை அள்ளிப் போடுவார்கள். அந்தப் புகையில் அவள் மறைவுக்குப் போய்விடுவாள், அதே ஜரிகைச் சேலையும் அட்டைக் கிரீடமுமாக நான் வந்து நிற்பேன். அவள் உள்ளே நின்று பாடுவாள். நான் ஜனங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேலே போவேன். பறப்பது சரோஜம்மாள் என்றுதான் ஊர் நினைத்தது. நான் வாயைத் திறக்கக் கூடாது, முகத்தைத் திருப்பக் கூடாது, அதுதான் என் உத்தியோகம்.

சேலைக்குள்ளே இடுப்பில் தோல் பெல்ட், முதுகுப் பக்கம் ஒரு கொக்கி. கொக்கியில் மாட்டிய கருப்புக் கயிறு விட்டத்துக் கப்பியில் ஏறி, அந்தப் பக்கம் படுதா மறைவில் இறங்கி, அவர் இடுப்பை ஒரு சுற்றுச் சுற்றிக் கைக்குள் போய் முடியும். கிணற்றில் கவலை இறைக்கிற மாடு மாதிரி அவர் உடம்பைச் சாய்த்து இழுக்க இழுக்க நான் ஏறுவேன். கயிற்றைக் கம்பத்தில் கட்டிவைக்கும் வழக்கம் எங்களுக்குக் கிடையாது. என் கால் பலகையில் படுகிற வரைக்கும் அது அவர் கையில்தான் இருக்க வேண்டும். இன்னொருவன் கை பட்டால் மனுஷருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். படுதா இழுக்கிற கரியப்பன் ஒரு தரம் உதவுகிறேன் என்று வந்து, வாங்கிக் கட்டிக்கொண்டு போனான்.

தளி என்கிற ஊரில் ஆடினபோது நான் மேலே இருக்கையில் அவர் காலில் தேள் கொட்டிவிட்டது. மனுஷர் அசையவில்லை. பாட்டு முழுதும் முடிந்து, என்னைப் பூப்போல இறக்கிவிட்ட பிறகுதான் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து அழுதார். மேலே போகிறபோது நான் எந்தச் சாமியையும் கும்பிட்டதில்லை. என் உயிர் அந்த இரண்டு கையில் இருந்தது. அது போதும் என்று இருந்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தருமபுரியில் ஒருநாள் கப்பி கீச்சுக் கீச்சென்று கத்தித் தொலைத்தது. முன்வரிசையில் இருந்தவர்கள் பதிலுக்குக் கத்தினார்கள். கொட்டகையே சிரித்தது. அவருக்கு அவமானம் தாங்கவில்லை, அன்று சோறு இறங்கவில்லை. மறுநாள் விளக்கெண்ணெயில் மெழுகைக் காய்ச்சி, கப்பிக்கும் கயிறு முழுதுக்கும் தடவினார். அப்புறம் ஒவ்வொரு ஊரிலும் தடவினார். அதற்குப் பிறகு ஒரு சத்தம் வந்ததில்லை. எண்ணெய்க் கயிறு வழுக்கத்தானே செய்யும்? அதற்காக ஆட்டத்துக்கு முன்னால் உள்ளங்கையில் அடுப்புச் சாம்பலைத் தேய்த்துக்கொள்வார். சாம்பல் பூசிய கைக்கு அந்தக் கயிறு அடங்கும், வேறு எதற்கும் அடங்காது. இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மெடல் விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் நடிகருக்கு மெடல் குத்துவதற்கு நேரம் காலம் ஒன்றும் கிடையாது. பார்க்கிற பெரிய மனுஷருக்கு எப்போது மனசு பொங்குகிறதோ அப்போதே மேடையில் ஏறிவிடுவார். நாடகம் அப்படியே நிற்கும். செத்து விழுந்த ராஜா எழுந்து வந்து மெடலை வாங்கிக்கொண்டு, கும்பிடு போட்டுவிட்டு, பழைய இடத்தில் போய்ப் படுத்து மறுபடி சாவான். ஜனங்களும் விட்ட இடத்திலிருந்து அழுவார்கள். யாருக்கும் அதில் ஒரு குறை தெரிந்ததில்லை. ஆனால் மெடலெல்லாம் விளக்கு வெளிச்சத்தில் நிற்கிறவர்களுக்குத்தான். கயிறு பிடிக்கிறவன், படுதா இழுக்கிறவன், மேகம் எழுதுகிறவன், இவர்களுக்கு மெடல் கொடுக்கலாம் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

நாராயணப்பனுக்குத் தோன்றியது. வேப்பனப்பள்ளிப் பக்கம் பெரிய மாந்தோப்புக்காரர். எல்லோரும் எஜமான் என்போம். ஓசூர் எந்த ராஜ்யத்துக்குப் போகும் என்று மூன்று பாஷைக்காரர்களும் டீக்கடைதோறும் சண்டை போட்டுக்கொண்டிருந்த வருஷம் அது. நாங்கள் கிருஷ்ணகிரியில் கொட்டகை போட்டிருந்தோம். சரோஜம்மாளுக்குப் பூச்சரம் கொடுக்கிற சாக்கில் எஜமான் ஒருநாள் படுதாவுக்குப் பின்னால் வந்தார். வந்தவர் சரோஜம்மாளை மறந்துவிட்டுக் கயிற்றோடு சாய்ந்து நிற்கிற என் வீட்டுக்காரரையே பார்த்துக்கொண்டு நின்றார். வேர்வை சொட்டச் சொட்ட நிற்கிற அந்த மனுஷரைப் பார்த்து அவர் கண் கலங்கியதை நான் மேலேயிருந்து பார்த்தேன். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் எனக்குத் திட்டவாவது சௌகரியமாக இருந்திருக்கும்.

வருகிற ஞாயிறு மாலைக் காட்சியில், திரைக்குப் பின்னால் உழைக்கிற திம்மப்பனுக்கு வெள்ளி மெடல் என்று தமுக்குப் போட்டுச் சொல்லிவிட்டார். தமிழ், தெலுங்கு, கன்னடம், மூன்றிலும் நோட்டீசு. கம்பெனிக்குள் புகைய ஆரம்பித்தது. சரோஜம்மாள், இனிமேல் விளக்குக் கண்ணாடி துடைக்கிறவனுக்கும் மெடல் கொடுங்கள் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். எனக்கும் வயிறு எரிந்தது, மறைப்பானேன்? அவர் தரையில் நிற்கிறார், தொங்குகிறவள் நான். முதலாளி ராமப்பனிடமே போய், எனக்கு இல்லையா என்று கேட்டேன்.

"உனக்குக் குடுத்தா பறக்கறது சரோஜம்மா இல்லேன்னு ஊருக்கே தெரிஞ்சி போயிடும், சென்னம்மா. அப்பறம் எவன் வருவான்?" என்றார்.

நியாயம்தான். வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

என் வீட்டுக்காரர் பாடு வேறு மாதிரி இருந்தது. இத்தனை வருஷத்தில் யாரும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, கயிற்றுக்காரா என்றுதான். நோட்டீசை ஆர்மோனியக்கார ஜெபதுரையிடம் கொடுத்துத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டார். ஒரே சட்டையைத் துவைத்துக் காயப்போட்டு, காய்கிற வரைக்கும் அதன் அடியிலேயே உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்னிடம் ரொம்ப ரகசியமாக ஒன்று கேட்டார்.

"மேடையில நிக்கறப்ப கைய எங்க வெச்சிக்கறது, சென்னி?"

சும்மா தொங்க விடு மாமா என்றேன். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது, அவரும் சிரித்தார். அவர் ஆசைப்பட்டதைத் தப்பு என்று நான் இன்றைக்கும் சொல்ல மாட்டேன்.

மெடல் இடைவேளையில் என்றுதான் பேச்சு. ராமப்பன் அதைக் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தார். ஆனால் இடைவேளை வந்தபோது எஜமானுடைய கோலார் சம்பந்திகள் இன்னும் வந்து சேரவில்லை. அவர்கள் வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று விட்டார். சம்பந்திகள் வந்து முன்வரிசை நாற்காலியில் உட்காரும்போது கடைசிக் காட்சி தொடங்கிவிட்டது. புகை போட்டாயிற்று, நான் ஏறிக்கொண்டிருக்கிறேன்.

அன்றைக்குக் கூட்டம் கொள்ளவில்லை. நான் மேகப் படுதாவை எட்டியதும் கைதட்டல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. ஜனங்கள் தட்டத் தட்ட எஜமானுக்கு மனசு பொங்கிவிட்டது. மற்றவர்களுக்குப் பொங்குகிற மாதிரியேதான் அவருக்கும் பொங்கியது. எழுந்தார், மேடையில் ஏறினார், கையைத் தூக்கி ஆர்மோனியத்தை நிறுத்தச் சொன்னார்.

"இந்தப் பொம்பளையப் பறக்க வெக்கறவன் உள்ள நிக்கறான். அவன் மூஞ்சிய நீங்க பாக்க வேணாமா?" என்று கூட்டத்தைக் கேட்டார்.

வேணும் என்றது கூட்டம். திம்மப்பா, திம்மப்பா என்று ஒரே கூச்சல். மெடல் என்றால் ஆள் வந்து வாங்க வேண்டும், நாடகம் காத்திருக்கும். அவர்கள் கண்ட வழக்கம் அதுதானே? வருகிற ஆள் கையை விட்டால் என்ன ஆகும் என்று அங்கே யோசிக்க ஒரு தலை இல்லை. எதிர்ப் பக்கத்து மறைவிலிருந்து ராமப்பன் இரண்டு கையையும் ஆட்டி, சீக்கிரம் போ போ என்கிறார். பெரிய மனுஷரை மேடையில் காக்கவைக்கக் கூடாதாம்.

நான் தலையைச் சாய்த்துக் கீழே பார்த்தேன். முதலில் அவர் மாட்டேன் என்றுதான் தலையை ஆட்டினார். கூச்சல் ஏறியது. அவர் பேரை அத்தனை பேர் சேர்ந்து கூப்பிடுகிறார்கள். அவர் முகம் மாறுவதை நான் பார்த்தேன். கல்யாணத்தன்றுகூட அந்த முகத்தை நான் கண்டதில்லை. கரியப்பன் கையை நீட்டிக்கொண்டு ஓடி வந்தான். இவர் கொடுக்கவில்லை. இன்னொருவன் கையில் என்னைக் கொடுக்க மனசு வரவில்லையாம், ஆஸ்பத்திரியில் சொன்னார். கரியப்பனை நம்பாத மனுஷர் கம்பத்தை நம்பினார். கயிற்றைக் கம்பத்தில் சுற்றி, இரண்டு முடிச்சு இறுக்கிப் போட்டு, ஒரு தரம் இழுத்தும் பார்த்தார். எண்ணெயும் மெழுகும் ஊறின கயிறு. முடிச்சுக்கு அது நிற்காது என்று உலகத்திலேயே நன்றாகத் தெரிந்தவர் அவர்தான்.

வேணாம் மாமா என்று வாயை அசைத்தேன். சத்தம் வெளியே வரவிடவில்லை. மேலே இருப்பது சரோஜம்மாள் இல்லையா, சென்னம்மாவின் குரல் எப்படி வரும்? அவர் நிமிர்ந்து பார்த்தார். பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் கண்ணில் அடித்தது, உன் வாய் அசைந்தது தெரியவில்லை என்பார் பின்னால். இருக்கலாம். நம்புகிற அன்றைக்கு நம்புவேன், நம்பாத அன்றைக்கு இல்லை.

அவர் வெளிச்சத்துக்குப் போனார். கொட்டகை எழுந்து நின்றது. தோளுக்கு மேலாக ஓரக்கண்ணால் பார்த்தேன், கையைத் தொங்கவிட்டுக்கொண்டு அழகாகத்தான் நின்றார். எஜமான் அவர் சட்டையில் மெடல் ஊசியைக் கோத்துக்கொண்டிருக்கிறார். அப்போது நான் ஒரு முழம் இறங்கினேன். அது என் பிரமை என்று நினைத்தேன். மறுபடி ஒரு முழம். முடிச்சு பாம்பு போல ஊர்ந்து பிரிகிறது, நான் அதைப் பார்த்துக்கொண்டே தொங்குகிறேன். கப்பி முன்னைப் போலக் கீச்சென்று கத்தியிருந்தால் அவர் திரும்பியிருப்பார். எங்கள் கப்பிதான் கத்தாதே, அத்தனை நேர்த்தி.

ஜனங்கள் எல்லோரும் மேலே பார்ப்பதைக் கண்டுதான் அவர் திரும்பினார். பாதி குத்தின மெடலோடு பாய்ந்தார். அதற்குள் முடிச்சு முழுக்க விட்டுவிட்டது, கயிறு ஓடுகிறது. ஓடுகிற கயிற்றை வெறும் கையால் பிடித்தார். மேடைக்குப் போவதற்காகக் கையை வேட்டியில் அழுத்தித் துடைத்திருந்தார், சாம்பல் இல்லை. விடவில்லை. தோலும் சதையும் உரிந்து கயிறு சிவந்து வந்தது என்று கரியப்பன் சொன்னான். அதனால்தான் மண்டை உடைந்து சாகாமல் இடுப்பு உடைந்து கிடந்தேன். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை.

கொட்டகை என்ன செய்தது தெரியுமா? ஒன்ஸ் மோர் என்றது. தேவலோகப் பெண் மெடல் வாங்கினவனை ஆசீர்வதிக்கக் கீழே இறங்கி வந்தாள் என்று நினைத்துவிட்டார்கள். இன்னொரு தரம் என்று தமிழில் கத்தினவன் பாதி, இன்னொந்து சல என்று கன்னடத்தில் கத்தினவன் பாதி. எஜமானும் கைதட்டினார். பலகையில் முகத்தை வைத்துக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டேன். வலியில் அலற வாய் வந்தது. அப்போதும் ஜனங்களுக்கு என் முகம் தெரிந்துவிடக் கூடாது என்று கிரீடத்தைத் தாழ்த்திக்கொண்டேன் பாருங்கள், அந்தப் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். கரியப்பன் படுதாவை இழுத்துவிட்டான்.

ஆஸ்பத்திரியில் என் கால் ஒன்று குட்டையாக ஒட்டிக்கொண்டது. வலக்கை மூடாது, இடக்கை திறக்காது, அது அவருக்குக் கிடைத்தது. ராமப்பன் வந்து நிஜமாகவே அழுதார். அழுதுவிட்டுக் கொட்டகையைப் பிரித்துக்கொண்டு ஓசூருக்குப் போனார். கம்பெனி நிற்க முடியுமா? சரோஜம்மாள் அந்த ஊரில் பறக்கவில்லையாம், கதையை மாற்றி அவளை ஆற்றில் இறக்கிவிட்டார்கள் என்று கேள்வி.

எஜமான் எங்களைக் கைவிடவில்லை. வேப்பனப்பள்ளித் தோப்பில் ஒரு குடிசை கொடுத்துக் காவலுக்கு வைத்தார். குரங்கு விரட்டத் தொண்டை போதும், கை வேண்டாம். நான் அவருக்குச் சோறு ஊட்டினேன், வேட்டி கட்டிவிட்டேன். கோபம் வந்த நாளில் ஊட்டிக்கொண்டே திட்டினேன். என் உயிரை ஒரு தகரத்துக்கு விட்டுப் போனாயே என்று கேட்பேன். அது வெள்ளிதான், எனக்குத் தகரம். அவர் சோற்றை மென்றுகொண்டே கேட்டுக்கொள்வார். திட்டி முடித்தால் தண்ணீர் கேட்பார். கொடுப்பேன். அப்படியே போய்க்கொண்டிருந்தது, அது ஒரு மாதிரி சமாதானம்தான்.

அடுத்த மாம்பழக் காலத்தில் எஜமான் வீட்டு விருந்தாளிகள் தோப்பு பார்க்க வந்தார்கள். பெங்களூர்க்காரர்கள், படித்தவர்கள், பெண்களும் கூட. எஜமான் என் வீட்டுக்காரரை மெடலைப் போட்டுக்கொண்டு வரச் சொல்லி ஆள் அனுப்பினார். தென்னாட்டிலேயே திரைக்குப் பின்னால் நிற்கிறவனுக்கு முதல் மெடல் கொடுத்தது நான்தான் என்று அவருக்கு ஒரு பெருமை. அது நிஜமோ பொய்யோ, யார் கண்டது? நான் மண்சட்டியில் பழம் நறுக்கிக்கொண்டு மரத்தடியில் இருந்தேன்.

இவர் கதையைச் சொன்னார். நன்றாகத்தான் சொன்னார். சாய்ந்து நிற்பது எப்படி, சாம்பல் பூசுவது எப்படி, தேள் கொட்டியும் விடாதது எப்படி, எல்லாம். கூட்டம் பேர் சொல்லிக் கூப்பிட்டதை இரண்டு தரம் சொன்னார். எஜமான் மெடல் குத்தினார், கொட்டகை எழுந்து நின்றது என்பதோடு நிறுத்திக்கொண்டார். எஜமானும் அத்தோடு தலையை ஆட்டி முடித்துவிட்டார். கை ஏன் இப்படி என்று ஒருவர் கேட்டதற்கு, கயிறு பிடித்துப் பிடித்து இப்படி ஆகிவிட்டது என்றார். பாவம் என்றார்கள். காவல்காரன் பெண்டாட்டி ஏன் நொண்டுகிறாள் என்று கேட்க யாருக்குத் தோன்றும்?

கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் மட்டும் கேட்டாள், மேலே தொங்கினது யார் என்று.

அவர் என் பக்கம் பார்க்கவில்லை.

"யாரோ கம்பெனிப் பொண்ணுங்க, அம்மா," என்றார்.

நறுக்கின பழத்தை எல்லோருக்கும் கொடுத்தேன். அந்த அம்மாளுக்கும் கொடுத்தேன். மனசுக்குள் அவ்வளவு கோபம் எனக்கு. கார் போனதும் பிடித்துக்கொண்டேன். நான் யாரோவா? உன் அக்கா பெண், உன் பெண்டாட்டி, உனக்கு மலம் கழுவிவிடுகிறவள் யாரோவா? ராமப்பன் மறைத்தான், அது அவன் பிழைப்பு. சரோஜம்மாள் மறைத்தாள், அது அவள் கௌரவம். நீ ஏன் மறைத்தாய் என்று கத்தினேன். தோப்பில் இருந்த குரங்கெல்லாம் ஓடியிருக்கும்.

அவர் தன் கைகளைக் குனிந்து பார்த்தார்.

"உன் பேரச் சொன்னா, அப்பறம் அவ என்னா ஆனான்னு கேப்பாங்க, சென்னி," என்றார்.

உள்ளே போய் அழுதேன். சோறு ஊட்டுகிற நேரம் வந்ததும் எழுந்து வந்து ஊட்டினேன். அன்று திட்டவில்லை.

பத்து நாள் போயிருக்கும், சேலத்திலிருந்து யாரோ பெரிய அதிகாரி குடும்பத்தோடு வருகிறார், திம்மப்பன் மெடலோடு வரட்டும் என்று ஆள் வந்தது. அவர் துவைத்த சட்டையை மாட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நெஞ்சைக் காட்டிக்கொண்டு நின்றார். அந்த விரல்களுக்கு ஊசியைப் பிடிக்க வராது. நான்தான் குத்திவிட்டேன்.